இருநூறு வாகனங்களும் ஒரு துளி ஒயிலும்

(ஆண்டுதோறும் நடத்தும் பழைய வாகனப் பேரணிக்கான ஆயத்தக் கூட்டத்தில், திருகோணமலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்புக்குரிய தலைவர் அவர்களே, அலுவல்களை ஒதுக்கிவைத்துவிட்டு வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அரசாங்க அதிபர் அவர்களே, பட்டினமும் சூழலும் பிரதேச செயலாளர் அவர்களே, உள்ளூராட்சி மன்றங்களின் தவிசாளர்களே, போக்குவரத்துப் பொலிஸ் பொறுப்பதிகாரி அவர்களே, கோணேசர் ஆலய பரிபாலன சபையினரே, பள்ளிவாசல் நிர்வாகிகளே, பங்குத்தந்தை அவர்களே, விகாராதிபதி அவர்களே, வர்த்தக சங்கத்தாரே, ஓட்டோ சாரதிகள் சங்கத்துத் தம்பிமாரே, யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் அநுராதபுரத்திலிருந்தும் பழைய வண்டிகளையே ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்திருக்கும் அன்பர்களே, வேலையை அரைவாசியில் விட்டுவிட்டு வந்து பின்னால் நிற்கும் கராஜ் உழைப்பாளர்களே, தாய்மாரே, பிள்ளைகளே, எல்லோருக்கும் பணிவான வணக்கம்.

கராஜ்காரரை முன்னுக்கு வந்து இருக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். இன்று பேசப்போகும் காரியத்தின் முக்கால்வாசி உங்கள் கையில்தான் இருக்கிறது. மண்டபத்தைக் கட்டணமில்லாமல் தந்த பாடசாலைச் சமூகத்துக்கும், தேநீர் தந்த மாதர் சங்கத்துக்கும், ஒலிபெருக்கி தந்தவருக்கும் நன்றி சொல்லாமல் தொடங்குவது முறையல்ல. சொல்லிவிட்டேன்.

ஐந்து விடயங்கள் பேசவேண்டும். திகதி, அனுமதி, வீதி ஒழுங்கு, மைதானம், பணம். ஐந்துக்கும் அடியில் ஓடுவது நம் முன்னோர் சொன்ன ஒரு பழமொழி: சிறுதுளி பெருவெள்ளம். சேமிப்புக்குத்தான் இதைச் சொல்வோம். ஆனால் சிறிய பிழை ஒன்றை இருநூறு பேர் ஒரே நாளில் செய்தால் என்ன ஆகும் என்பதற்கும் இதைவிடப் பொருத்தமான வாக்கு இல்லை.

திகதிக்கு வருவோம். வாடைக்காலத்தில், ஐப்பசி முதல் தை வரை, நமக்கு மழை. திறந்த கூரைக் காரும் மோட்டார் சைக்கிளும் அப்போது வரமாட்டா. மே முதல் செப்ரெம்பர் வரைதான் நமக்கு வாய்த்த காலம். அந்தக் காலத்திலும் கச்சான் காற்று அனலாக வீசும் நாட்கள் இருக்கின்றன. ஆகவே ஊர்வலம் காலை 7 மணிக்குப் புறப்பட்டு 9 மணிக்குள் மைதானத்துக்குள் அடங்கவேண்டும். ஆடி அமாவாசை, கோயில் திருவிழா, போயா எனும் பௌர்ணமி தினங்கள், சாதாரண தர, உயர்தரப் பரீட்சைக் காலம் எல்லாவற்றையும் பஞ்சாங்கத்திலும் கல்வித் திணைக்கள அறிவித்தலிலும் பார்த்து நீக்கவேண்டும். வெள்ளிக்கிழமை நடுப்பகலில் கிண்ணியா, மூதூர் வீதிகளில் ஊர்வலம் கொண்டுபோவது தொழுகைக்கு இடைஞ்சல். சனிக்கிழமைதான் நல்லது. நிலாவெளி, உப்புவெளி விடுதிகளுக்கு அது உல்லாசப் பயணிகள் பருவம். 10 மாதத்துக்கு முன் அறைகளைச் சொல்லிவைக்காவிட்டால் வெளியூரார் வாகனத்துக்குள்தான் உறங்கவேண்டி வரும்.

கொழும்பிலிருந்தும் குருநாகலிலிருந்தும் வருவோர் ஏ6 வீதியில் ஹபறணையையும் கந்தளாயையும் பகல் வெளிச்சத்தில் தாண்டிவிடவேண்டும். அந்தத் துண்டில் இருட்டில் யானை வீதிக்கு வரும். பழைய காரின் மங்கலான விளக்குக்கு, யானை கண்ணில் படும் தூரம் பிறேக் பிடிக்கப் போதாது. இதை விண்ணப்பப் படிவத்தின் முதல் பக்கத்திலேயே தடித்த எழுத்தில் போடுங்கள்.

அனுமதியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அதிகாரிகள் இங்கேயே இருக்கிறார்கள். ஊர்வலத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் பொலிஸ், மைதானத்துக்கு உள்ளூராட்சி மன்றம், ஏ தர வீதிகளுக்கு வீதி அபிவிருத்தி அதிகாரசபை, கோட்டைப் பக்கம் போவதென்றால் தொல்பொருள் திணைக்களமும் இராணுவமும். பிரெட்றிக் கோட்டைக்குள் ஹோர்ன் அடிக்கக்கூடாது. அங்கே மான்கள் படுத்திருக்கின்றன. வெருண்ட மான் எந்தப் பக்கம் பாயும் என்று யாராலும் சொல்லமுடியாது. கோணேசரைத் தரிசிக்க நடந்துபோகும் அடியார்களும் அந்த ஒரே வீதியில்தான். என்னைக் கேட்டால், கோட்டைக்குள் 10 வாகனங்களுக்கு மேல் விடவே வேண்டாம்.

இனி வீதி ஒழுங்கு. இதில்தான் பேரணிகள் கெடுகின்றன. கணக்கைப் பாருங்கள். மணிக்கு 40 கிலோமீற்றர் வேகம் என்றால் செக்கனுக்கு 11 மீற்றர். முன் வண்டிக்கும் பின் வண்டிக்கும் 3 செக்கன் இடைவெளி விட்டால் 33 மீற்றர், வண்டியின் நீளம் 5 மீற்றர், ஆக 38 மீற்றர். 200 வாகனங்கள் ஒரே சங்கிலியாகப் போனால் 7.6 கிலோமீற்றர். இது எல்லோரும் ஒழுங்காக ஓடினால். வாசலில் ஒவ்வொருவரும் சாவியைத் தேடி, கண்ணாடியைத் திருத்தி, 10 செக்கன் தாமதித்துப் புறப்பட்டால் அதே ஊர்வலம் 22 கிலோமீற்றர். தலை நிலாவெளியைத் தாண்டி ஓடும்போது வால் இன்னும் திருகோணமலை வாசலில் நிற்கும். அம்புலன்ஸ் எங்கே நுழையும்? 10 செக்கன்தான், சிறுதுளிதான். சிறுதுளி பெருவெள்ளம்!

ஆகவே இருபது இருபதாகப் பிரியுங்கள். 10 குழு, 5 நிமிடத்துக்கு ஒரு குழு. ஒரு குழுவின் நீளம் முக்கால் கிலோமீற்றர், குழுத் தலைகளுக்கு இடையில் 3.3 கிலோமீற்றர். நடுவில் பஸ்ஸும் லொறியும் தாராளமாக வந்துபோகும். ஒவ்வொரு குழுவின் கடைசி வண்டியிலும் பச்சைக் கொடி. சந்தியில் நிற்கும் தொண்டர் அதைக் கண்டபின்தான் அடுத்த குழுவை எண்ணத் தொடங்கவேண்டும். தொண்டர் கைகாட்டலாம், வழிசொல்லலாம். பொது வாகனத்தை மறிக்கும் அதிகாரம் பொலிசாருக்கு மட்டும்தான். இதை ஒவ்வொரு தம்பிக்கும் ஒவ்வொரு தங்கைக்கும் முதல்நாளே சொல்லிவிடுங்கள்.

எந்த வண்டி எங்கே நிற்கவேண்டும் என்பதற்கு, கிண்ணியாப் பக்கத்துப் பெரியவர்கள் சொல்லும் ஒரு கதை இருக்கிறது. இன்று 396 மீற்றர் நீளப் பாலத்தில் ஒரு நிமிடத்துக்குள் கடந்துவிடுகிறோம். அந்தப் பாலம் திறந்தது 2009இல். அதற்கு முன் வாகனமெல்லாம் மிதவைப் பாதையில் ஏறித்தான் அக்கரை போகவேண்டும். முதலில் ஏறியதுதான் முதலில் இறங்கும். அதை விலக்கிக்கொண்டு வேறொன்று போகமுடியாது. ஒருநாள் காலை நெல்மூட்டை ஏற்றிய பழைய லொறி ஒன்று முதலில் ஏறிவிட்டதாம். அதற்குப் பின்னால் மூதூர்ப் பக்கத்து மாப்பிள்ளையின் கார். பட்டு வேட்டி, தலைப்பாகை, மடியில் தாலிக்கூறைத் தட்டு. அதற்குப் பின்னால் ஐஸ் உருகிச் சொட்டும் மீன் வான். அதற்கும் பின்னால் ஒரு பெரிய உத்தியோகத்தரின் ஜீப். அக்கரை வந்தது. லொறிக்காரர் சாவியைத் திருப்பினார். டக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பற்றரி செத்துப்போயிற்று. உத்தியோகத்தர் ஜீப்பிலிருந்தே சத்தம்போட்டார். மீன்காரர் ஐஸ்பெட்டியைத் திறந்து பார்ப்பதும் மூடுவதுமாக நின்றார். மாப்பிள்ளையின் மாமா நிமிடத்துக்கு ஒருதரம் கைக்கடிகாரத்தைப் பார்த்து, 'முகூர்த்தம் போகுது, முகூர்த்தம் போகுது' என்றார். லொறியைத் தள்ளலாம்தான். ஆனால் இறங்குதுறை மேட்டுப்பக்கம். நெல்லோ நிறைய மூட்டை. பத்துப் பேர் தள்ளினார்கள், அசையவில்லை. பிறகு மாப்பிள்ளையே தலைப்பாகையைக் கழற்றிக் காரின் ஆசனத்தில் வைத்துவிட்டு, பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். அதைக் கண்டதும் உத்தியோகத்தரும் இறங்கினார். மீன்காரரும் தோள் கொடுத்தார். ஏலேலோ போட்டு மேட்டில் ஏற்றினார்கள். மாப்பிள்ளை முழங்கால் மட்டும் கரியும் சேறுமாகத்தான் மணவறைக்குப் போனாராம். அன்றிலிருந்து பாதைக்காரக் கிழவர் ஒரு சட்டம் வைத்தார்: ஏறுமுன் எஞ்சினை அணைத்து, என் கண்முன்னே மறுபடி ஸ்ராட் பண்ணிக் காட்டு, காட்டாவிட்டால் கடைசியில் ஏறு.

அந்தக் கிழவரின் சட்டம் நமக்கும் வேண்டும். வாசலில் ஒவ்வொரு வண்டியும் அணைத்து ஸ்ராட் பண்ணிக் காட்டட்டும். மெதுவாக ஓடுவது குழுவின் முன்னால், ஏனென்றால் முன்னால் ஓடுவதுதான் வேகத்தைத் தீர்மானிக்கும். நம்பிக்கையில்லாதது கடைசியில், மீட்பு வண்டிக்கு முன்னால். மீட்பு வண்டியில் இரண்டு மெக்கானிக், பற்றரி வயர், காபன்டையொட்சைட்டோ உலர்தூளோ உள்ள தீயணைப்பான், இழுக்கும் இரும்புத் தடி. கயிறு வேண்டாம். எஞ்சின் நின்ற காரில் பிறேக்குக்கு உதவும் வெற்றிடம் இராது. மிதி கல்லாகிவிடும். கயிற்றில் இழுத்தால் முன் வண்டியின் பின்புறத்தில் போய் முட்டும்.

எதற்காக 40 கிலோமீற்றர்? ஊர்வலம் என்றால் ஊர்ந்து போவது என்று நினைக்கிறோம். மணிக்கு 10 கிலோமீற்றரில் ஊர்ந்தால் றேடியேற்றருக்குக் காற்று இல்லை. மொரிஸ் மைனருக்கும் ஒஸ்ரின் கேம்பிறிஜுக்கும் தண்ணீர் கொதிக்கும். பெற்றோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி, பம்ப் வெறும் ஆவியை இழுக்கும். அப்போது எஞ்சின் திக்கித்திக்கி நிற்கும். பம்பின் மேல் ஈரத்துணி சுற்றிப் பத்து நிமிடம் விட்டால் சரியாகும். காற்றால் குளிரும் மோட்டார் சைக்கிள்களுக்கு, அது பி.எஸ்.ஏ. ஆகட்டும் எம்.டி. 90 ஆகட்டும், ஊர்தல்தான் எமன். டைனமோ உள்ள வண்டிகள் மெதுவோட்டத்தில் பற்றரிக்கு மின்னேற்றாது. பகலில் விளக்கும் போட்டு ஊர்ந்தால் பற்றரி இறங்கிவிடும்.

வாகனப் பரிசோதனை முதல்நாள் மாலை. வாகன வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி, சாரதி அனுமதிப்பத்திரம். ரயரின் பக்கச் சுவரில் கடைசி நான்கு இலக்கம் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது கிழமையில் செய்தது. பூ தேயாமல் இருந்தாலும் பத்து வருடம் தாண்டிய ரயர் வெயிலில் வெடிக்கும். பெற்றோலை முதல்நாளே அடிக்கவேண்டும், ஆனால் வாய்வரை அடிக்கக்கூடாது. 40 லீற்றர் பெற்றோல் 15 பாகை சூடேறினால் அரை லீற்றருக்கு மேல் பெருகும். அது மூடியால் வழிந்து, காய்ந்த புல்லில் இறங்கும். அங்கே ஒருவர் சிகரெட்டை வீசினால் மிச்சத்தைச் சொல்லத் தேவையில்லை.

மைதானம். மக்கெய்சர் விளையாட்டரங்கு போன்ற இடத்தில் ஒரு காற்பந்துத் திடல், 105க்கு 68 மீற்றர், ஏறத்தாழ 7,100 சதுர மீற்றர். வழியும் சேர்த்து ஒரு காருக்கு 30 சதுர மீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 5. 120 காரும் 80 மோட்டார் சைக்கிளும் 4,000 சதுர மீற்றரில் அடங்கும். மிச்சத்தில் 6 மீற்றர் அகலத் தீயணைப்பு வழியை முதலில் சுண்ணாம்புக் கோடு போட்டு ஒதுக்குங்கள். கடைகளும் பந்தலும் அதற்குப் பிறகு. மோட்டார் சைக்கிளின் நிறுத்துகால் மண்ணில் புதையாமல் இருக்க, சாண் அளவுப் பலகைத் துண்டு 80. குடிநீர் ஆளுக்கு 3 லீற்றர்.

இப்போது அந்த மைதானத்து நிலத்தைக் குனிந்து பாருங்கள். பழைய எஞ்சின் ஒயில் ஒழுக்கும். மூட்டுகளில் ஒயில் கசியாமல் வைத்த தக்கைக் கஸ்கற் காய்ந்து சுருங்கியிருக்கும். கிராங்கின் பின்பக்கத்தில் கயிற்றுச் சீல் தேய்ந்திருக்கும். எஞ்சினின் மூச்சுக்குழாய் அடைபட்டால் உள்ளமுக்கம் ஒயிலை வெளியே தள்ளும். ஓடிவந்து நிறுத்திய முதல் அரைமணியில்தான் அதிகம் ஒழுகும், ஏனென்றால் சூட்டில் ஒயில் தண்ணீராக இருக்கும். நிமிடத்துக்கு ஒரு துளி என்று வையுங்கள். 6 மணித்தியாலத்தில் 360 துளி, 18 மில்லிலீற்றர். 100 வண்டிக்கு 1.8 லீற்றர். ஒரே நாளில், ஒரே மைதானத்தில். அடுத்த மழையில் அது வடிகானுக்கும், வடிகானால் கடலுக்கும் போகும். அந்தக் கடலில்தான் மீன் பிடிக்கிறோம். நிலாவெளிக்கு எதிரே புறாத்தீவில் பவளப்பாறை இருக்கிறது. 2003இல் அதைத் தேசியப் பூங்காவாக்கினார்கள். சிறுதுளி பெருவெள்ளம் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான்.

மருந்து மலிவு. 20 லீற்றர்த் தகர ரின்னின் ஒரு பக்கத்தை வெட்டினால் ஒரு தட்டு. அதில் இரண்டு விரற்கடை மரத்தூள். ஒவ்வொரு வண்டியின் கீழும் ஒரு தட்டு இல்லாமல் வாசலால் உள்ளே விடக்கூடாது. மாலையில் மரத்தூளை மூடியுள்ள பரலில், அதாவது பீப்பாயில், சேர்க்கவேண்டும். புல்லில் கொட்டக்கூடாது, எரிக்கவும் கூடாது.

பேரணி ஒருநாள். கராஜ் வருடம் முழுவதும். கார் ஒன்றுக்கு ஒயில் மாற்றினால் 4 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு ஏறத்தாழ ஒரு லீற்றர். அந்தக் கறுப்பு ஒயில் எங்கே போகிறது? கொஞ்சம் கறையானுக்கு மரத்தில் பூசப்படுகிறது, கொஞ்சம் வடிகானில். எஞ்சின் தேய்மானத்தின் உலோகத்தூளும் எரிந்த எச்சமும் அதில் கலந்திருக்கின்றன. இது வெறும் எண்ணெய் அல்ல, நஞ்சு. சீனக்குடாவில் ஏறத்தாழ நூறு எண்ணெய்த் தாங்கிகள் கட்டப்பட்ட ஊர் இது. 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் குண்டுபோட்டு, எண்ணெய் எரிந்ததைக் கண்ட ஊர். எண்ணெயின் பெறுமதியும் ஆபத்தும் நமக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. இந்த ஊரில் கராஜுக்கு ஒரு பரல் வைக்கமுடியாதா?

அரசாங்க அதிபர் அவர்களிடம் இந்த மேடையிலிருந்தே வேண்டுகிறேன். மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதி பெற்ற சேகரிப்பாளர் மாதம் ஒருமுறை நகருக்கு வர ஒழுங்கு செய்துதாருங்கள். தவிசாளர்களே, பரல் வைக்க ஒரு கூரையும், நிரம்பிய பரல் ஒன்று உடைந்தாலும் முழுவதையும் தாங்கும் உயரத்துக்குச் சுற்றுக்கட்டுள்ள சீமெந்துத் தளமும் தாருங்கள். பேரணிப் பதிவுக் கட்டணத்தில் ஒரு பங்கைப் பரல் வாங்க ஒதுக்கவேண்டும் என்று முன்மொழிகிறேன். பணத்தைப் பற்றிப் பேசுவதாகச் சொன்னேன். என் நேரம் முடிகிறது என்று தலைவர் மணியடிக்கிறார். பொருளாளர் அறிக்கை வாசிப்பார். இந்த ஒரு ஒதுக்கீடு மட்டும் அதில் விடுபடக்கூடாது.

கராஜ்காரத் தம்பிமாரே, பரல் 210 லீற்றர் கொள்ளும். வாயில் புனலும் கம்பிவலையும் இருக்கும். எஞ்சின் ஒயிலும் கியர் ஒயிலும் மட்டும் ஊற்றுங்கள். பிறேக் ஒயில், றேடியேற்றர்த் தண்ணீர், கழுவிய பெற்றோல் ஒரு கோப்பை கலந்தாலும் சேகரிப்பவர் முழுப்பரலையும் எடுக்கமறுப்பார். பழைய பில்டரைத் தலைகீழாகப் புனலில் ஓர் இரவு வடியவிட்டு, வேறு பெட்டியில் போடுங்கள். வாசலில் ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். கராஜ் இருக்கும் வீதி, கிழமைக்கு எத்தனை லீற்றர் சேரும், பரல் வைக்க நிழல் உண்டா, இந்த மூன்றையும் எழுதிவிட்டுப் போங்கள். நிழல் இல்லாதவர்களுக்குத் தகரக்கூரை போட்டுத்தரத் தொண்டர்கள் இருக்கிறார்கள்.