தட்டினால் மட்டும் போதுமா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். கிராப்ளிங், அதாவது பிடி போட்டு எதிராளியை மடக்கும் போட்டி. சிக்கியவர் கையால் தட்டினால் ‘தோற்றேன், விடு’ என்று அர்த்தம். அதில் காயத்தைத் தடுக்கும் பொறுப்பு பிடி போட்டவருக்கா, சிக்கியவருக்கா? போட்டவருக்கே என்பது எங்கள் அணி.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன், “வலித்தால் தட்ட வேண்டியதுதானே? கை இருக்கிறது, தரை இருக்கிறது!” என்று சொல்லி உங்கள் கைதட்டலை அள்ளிக்கொண்டு போனார். அண்ணே, அந்தக் கையே உடைந்திருந்தால்?

2004, லாஸ் வேகஸ். யூஎஃப்சி என்ற கலப்புச் சண்டை அமைப்பின் ஹெவிவெயிட் பட்டத்துக்கான சண்டை. டிம் சில்வியா ஆறடி எட்டு அங்குலம். நம் வீட்டு நிலைப்படியில் குனிந்துதான் நுழைய முடியும். எதிராளி ஃபிராங்க் மிர் கீழே படுத்தபடியே அவர் கையை வளைத்து, முழங்கையை எதிர்ப்பக்கம் மடக்கும் ஆர்ம்பார் பிடி போட்டார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, ரெஃபரி ஹெர்ப் டீன் பாய்ந்து வந்து நிறுத்திவிட்டார். சில்வியாவுக்கு வந்ததே கோபம்! எனக்கு ஒன்றுமில்லை, ஏன் நிறுத்தினீர்கள் என்று மல்லுக்கு நிற்கிறார். அரங்கமே ரெஃபரியைப் பார்த்துக் கூச்சல் போடுகிறது. அப்புறம் பெரிய திரையில் மறுபடி ஓட்டிக் காட்டினார்கள். முன்னங்கை எலும்பு மடக்கென்று ஒடிவது தெரிந்தது. கத்திய கூட்டம் கப்சிப்.

கவனியுங்கள் அண்ணே. கைக்குச் சொந்தக்காரர் உடையவில்லை என்கிறார், ரெஃபரி உடைந்துவிட்டது என்கிறார். வீட்டுக்காரருக்குத் தெரியாதது எதிர்வீட்டுக்காரருக்குத் தெரிந்திருக்கிறது! (நடுவர் என்றால் அப்படி இருக்க வேண்டும். உங்களைக் குத்திக் காட்டவில்லை ஐயா, நீங்களும் அப்படித்தான்.) ‘அங்கே காப்பாற்றியது ரெஃபரிதானே, பிடி போட்டவரா?’ என்று எதிரணி முணுமுணுப்பது காதில் விழுகிறது. அதற்குப் பதில் சொன்னால் என் நேரம் போய்விடும்.

உடைந்தவருக்கே தெரியாதபோது எங்கே தட்டுவது? ஹீல் ஹூக் என்ற கால் பிடியில் குதிகாலைத் திருகினால், வலி வந்து சொல்வதற்குள் முழங்கால் ஜவ்வு கிழிந்துவிடும். கழுத்துப் பிடியில் மயங்கியவர் எதைத் தட்டுவார், கனவிலா?

சரி, தட்டினார் என்றே வையுங்கள். பிரேசில் சண்டை வீரர் ரூசிமார் பல்ஹாரெஸ், எதிராளி தட்டிய பிறகும் பிடியை விடவில்லை. 2013-ல் யூஎஃப்சி அவரை வெளியே அனுப்பியது. வேறு அமைப்புக்குப் போனார். 2015-ல் அங்கேயும் அதே கதை, பட்டத்தையே பறித்தார்கள். தட்டு தட்டு என்கிறீர்களே அண்ணே, கேட்கிற காது யாரிடம் இருக்க வேண்டும்?

1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக், ஜூடோ இறுதி. ஜப்பானின் யமாஷிதா வலது கெண்டைக்காலில் அடிபட்டு நொண்டிக்கொண்டு வந்தார். எதிரே எகிப்தின் முகமது ரஷ்வான். அடிபட்ட காலைக் குறிவைத்து ஜெயிக்க மனம் ஒப்பவில்லை என்று பிறகு சொன்னார். தோற்றார், வெள்ளிதான். ஆனால் பரிசு மேடையில் ஏற யமாஷிதா தடுமாறியபோது கை கொடுத்தவர் அந்த ரஷ்வான்! நடுவர் அவர்களே, எதிராளிக்கும் வீட்டில் ஒரு அம்மா இருக்கிறாள். பிள்ளை எத்தனை பதக்கத்தோடு வருகிறான் என்றா பார்ப்பாள்? இரண்டு காலில் நடந்து வருகிறானா என்றுதான்…

மணியைத் தட்டிவிட்டீர்கள் ஐயா. தட்டியதும் விடுவதுதான் எங்கள் அணி. விட்டுவிட்டேன், வணக்கம்!