பச்சைத் தண்ணீர் என்ன நிறம்?

வணக்கம். கிளிநொச்சிப் பக்கத்துக் கிராமமொன்றின் பொதுநோக்கு மண்டபத்தில் ஊர்ச் சனம் சேர்ந்து ஓர் ஓவியக் கண்காட்சி வைத்திருக்கிறது. சித்திரம் படிப்பிக்கிறவன் என்பதால் நானும் கொஞ்சம் கைகொடுத்தேன். சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம்: சுவருக்கு ஒரு நிறம்.

முதல் நாள் வாசலில் ஓர் அட்டை தொங்கியது. சிவப்பு ஆபத்து, மஞ்சள் மங்களம், பச்சை செழிப்பு, நீலம் அமைதி. மற்றதை விட்டுவிட்டேன், பச்சையில்தான் வாய் சும்மா இருக்கவில்லை. பச்சைத் தண்ணீர், பச்சைப் பிள்ளை, பச்சைப் புண், பச்சைப் பொய்: இதில் எது செழிப்பு? எல்லோரும் சிரித்தார்கள். அட்டையைக் கழற்றியாயிற்று.

சிவப்பைக் கடையில் வாங்கவில்லை. ஒழுங்கையில் கிடந்த கிரவலை இடித்து, சீலையில் அரித்து, விளாம்பிசின் கரைத்த தண்ணீரில் குழைத்தார்கள். காய்ந்ததும் அசல் எங்கள் வீதி நிறம். அதைத் தொட்டு ஒரு பெண் தன் கூறைச்சேலையை வரைந்தார். பக்கத்தில் இன்னொருவர், மண்டையோடு போட்ட மிதிவெடிப் பலகையை. 2009க்குப் பிறகு மீளக் குடியேறியவர்கள் விறகுக்குப் போனால் கண் முதலில் தேடிய சிவப்பு அதுதான். இரண்டையும் தள்ளி மாட்டவா என்று கேட்டார்கள். வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றேன்.

பிள்ளைகள் மொய்ப்பது மஞ்சள் சுவரில். மஞ்சள்தூள் கரைத்துப் பூசிய தாளில் சுண்ணாம்புத் தண்ணீரைத் தொட்டு இழுத்தால், தூரிகை போன வழியெல்லாம் சிவக்கும். ஆலாத்தித் தட்டில் நடப்பதும் இதேதான். 2020இல் இறக்குமதியை நிறுத்தி மஞ்சள் விலை ஏறிக் கிடந்தபோது என்றால், இந்த விளையாட்டுக்கு ஒரு வீட்டிலும் தூள் கிடைத்திருக்காது! ஒரு குறை, மஞ்சள் வெயில் தாங்காது. யன்னலோரப் படம் இப்போதே வெளிறத் தொடங்கிவிட்டது.

அப்புறம் நீலம். ஒரு பையன் தாள் முழுக்க நீலத்தைப் பூசி, கீழே ‘வானம்’ என்று எழுதியிருந்தான். அவனுடைய அம்மம்மா கிட்டப் போய்ப் பார்த்தார். “இது தறப்பாளடா. உள்ளுக்குப் படுத்துக்கொண்டு பார்த்தால் இப்படித்தான் தெரியும்.” இடம்பெயர்ந்தவர் முகாமில் கூரையாய்க் கட்டிய தார்ப்பாயைத்தான் சொன்னார். அந்த முகாம் எல்லாம் முடிந்து எவ்வளவோ காலம் கழித்துப் பிறந்தவன் அவன். கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். வானத்தை அழிக்கவில்லை, அதன் பக்கத்திலேயே ‘தரப்பாள்’ என்றும் எழுதினான். எழுத்துப் பிழையை நான் திருத்தவில்லை.

ஞாயிறு மாலைவரை மண்டபம் திறந்திருக்கும். மஞ்சள் படத்தைப் பார்க்க விரும்புகிறவர்கள் மட்டும் கொஞ்சம் முந்தி வாருங்கள்.