கோட்டோவியத்தின் மூலையில் ‘பி.எல்.’ இருந்தால் அது அசலா?

அடுத்த கேள்வி. "பழைய இத்தாலிய ஓவியர்களின் கோட்டோவியங்களில் மூலையில் சின்னதாக பி.எல்., டி.எல். என்று இருக்கிறதே, யார் கையெழுத்து அது? அது இருந்தால் படம் அசல்தானே?" என்று ஒரு நேயர் கேட்டிருக்கிறார்.

கையெழுத்து இல்லைங்க. அந்தத் தாளை யார் வைத்திருந்தார் என்று காட்டும் முத்திரை. பி.எல். என்பது பீட்டர் லீலி. இங்கிலாந்தில் இரண்டாம் சார்லஸ் மன்னரின் அரசவை ஓவியர். வேடிக்கை என்னவென்றால், அந்த முத்திரையைக் குத்தியது அவர் இல்லை! 1680இல் அவர் இறந்தபோது கடன் நிறைய இருந்தது. உயிலை நிறைவேற்றும் பொறுப்பு ராஜர் நார்த் என்ற வழக்கறிஞருக்கு. அவர்தான் தாள் தாளாக எடுத்து மையில் குத்தி, 1688இலும் 1694இலும் ஏலம் விட்டார். ஆக, பி.எல். இருந்தால் அந்தத் தாள் லீலியின் சேகரிப்பில் இருந்தது என்று தெரியும், அவ்வளவுதான். வரைந்தது யார் என்று அது சொல்லாது. உதாரணத்துக்கு, தாள் மைக்கேலாஞ்சலோ வரைந்தது என்று சொன்னால், அவர் இறந்தது 1564இல். நடுவில் நூறு வருடத்துக்கு மேல் அந்தத் தாள் எங்கே கிடந்தது? அதற்குப் பழைய சொத்துப் பட்டியல், கடிதம் என்று வேறு ஆதாரம் தேட வேண்டும். லீலி ஏமாந்து நகலை வாங்கியிருந்தாலும் நார்த் அதிலும் இதே முத்திரையைத்தான் குத்தியிருப்பார்.

டி.எல். என்பது தாமஸ் லாரன்ஸ், அவரும் ஓவியர்தான். இந்த முத்திரையில் மை கிடையாது. நோட்டரி பத்திரத்தில் அழுத்துவாரே, அந்த மாதிரி மேடாக இருக்கும். நேர் வெளிச்சத்தில் கண்ணுக்கே படாது, விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் எழுத்து எழும்பி வரும். 1830இல் அவர் இறந்த பிறகு, சேகரிப்பை 18,000 பவுண்டுக்கு முதலில் மன்னருக்கும், பிறகு பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கும் கொடுக்கச் சொல்லி உயில் இருந்தது. யாரும் வாங்கவில்லை. கடைசியில் சாமுவேல் வுட்பர்ன் என்ற வியாபாரி 16,000 பவுண்டுக்கு எடுத்தார். அதிலிருந்த ரஃபேல், மைக்கேலாஞ்சலோ கோட்டோவியங்களில் ஒரு பெரிய பகுதி 1846இல் ஆக்ஸ்போர்டுக்குப் போனது. இன்று ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஒரே தாளில் நாலைந்து முத்திரை இருந்தால், சொந்தக்காரர்களின் காலத்தை வைத்து வரிசைப்படுத்தலாம். ஒரு முத்திரை பாதியில் வெட்டுப்பட்டிருந்தால், அதைக் குத்திய பிறகு யாரோ தாளின் ஓரத்தை நறுக்கியிருக்கிறார் என்று அர்த்தம். போலி முத்திரைகளும் உண்டு, அதனால் மையையும் எழுத்தின் வடிவத்தையும் ஒப்பிடாமல் நம்பிவிடாதீர்கள்.

ஒப்பிட எங்கே போவது? பிரிட்ஸ் லூக்ட் என்ற டச்சுக்காரர் 1921இல் இந்த முத்திரைகளை எண் போட்டுத் தொகுத்தார். ஏலப் பட்டியலில் ‘லூக்ட் 2092’ என்று பார்த்தால் அது லீலி, 2445 லாரன்ஸ். பாரிஸில் உள்ள குஸ்டோடியா அறக்கட்டளை அந்தத் தொகுப்பை இணையத்தில் இலவசமாகவே போட்டிருக்கிறது. எழுத்தை வைத்தும் தேடலாம், உருவத்தை வைத்தும் தேடலாம்.

சரி, அடுத்த கேள்விக்குப் போவோம்.