செக்: ராஜாவை எச்சரித்த சொல்

(திரையில் சதுரங்கப் பலகை. குதிரை நகர்ந்து எதிரணி ராஜாவைக் குறிவைக்கிறது.)

"செக்!"

ஆட்டத்தில் நாம் உரக்கச் சொல்லும் இதே சொல்தான் வங்கியில் நீட்டும் தாளுக்கும் பெயர். ரயிலில் டிக்கெட்டைச் சரிபார்த்தாலும் செக். கட்டம் போட்ட சட்டைத் துணிக்கும் ஆங்கிலத்தில் இதே பெயர். ஒலி மட்டும் ஒத்துப்போன வெவ்வேறு சொற்கள் என்றே வெகுநாள் நினைத்திருந்தேன். இல்லை, எல்லாம் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.

தாய்ச்சொல் பாரசீகத்து 'ஷா'. அரசன் என்று பொருள். இந்தியாவில் பிறந்த சதுரங்கம் பாரசீகம் போய், அரபு நாடுகள் வழியாக ஐரோப்பாவை அடைந்தது. ராஜாவுக்கு ஆபத்து என்று எதிராளியை எச்சரிக்கும் "ஷா!" என்ற குரலும் கூடவே போனது. பழைய பிரெஞ்சில் அது 'எஸ்செக்'. ஆங்கிலத்தில் முதல் எழுத்துகள் உதிர்ந்து 'செக்'. பிரெஞ்சுப் பன்மையிலிருந்து வந்ததுதான் 'செஸ்'.

(பலகை மெல்ல ஒரு பெரிய மேசையாக மாறுகிறது.)

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இனிதான். 12ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து. அரசனின் வரவு செலவைப் பார்க்க ஏறத்தாழ 10 அடி நீளம், 5 அடி அகலத்தில் ஒரு மேசை. அதன்மேல் கோடுகளால் பிரித்த கறுப்புத் துணி. அன்று அங்கே புழங்கியவை ரோமன் எண்கள். அவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் கூட்ட முடியாது. அதனால் பென்னி, ஷில்லிங், பவுண்டு என்று பத்தி பிரித்து, வில்லைகளை நகர்த்திக் கணக்குப் போட்டார்கள். மாவட்ட அதிகாரியான ஷெரிஃப் வசூலித்த பணத்துக்கு அங்கே பதில் சொல்லியாக வேண்டும். பொருளாளராக இருந்த ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல், இது பொருளாளருக்கும் ஷெரிஃபுக்கும் நடக்கும் சதுரங்கப் போர் என்றே எழுதிவைத்தார். சதுரங்கப் பலகையின் பெயரே அந்த மேசைக்கும் வந்தது: எக்ஸ்செக்கர். பிரிட்டன் நிதியமைச்சர் இன்றும் 'சான்சலர் ஆஃப் தி எக்ஸ்செக்கர்'தான். அந்தப் பலகையின் கட்டங்களே துணிக்கும் பெயர் தந்தன.

(மீண்டும் சதுரங்கப் பலகை.)

செக் வைத்துவிட்டால் எதிராளி தன் திட்டங்களையெல்லாம் நிறுத்திவிட்டு ராஜாவைக் காக்க வேண்டும். அதனால் சொல்லுக்குத் தடுத்தல் என்ற பொருள் வந்தது. தடுத்தலிலிருந்து கட்டுப்படுத்தல், அதிலிருந்து சரிபார்த்தல்.

(செக் புத்தகத்தின் ஒரு தாள் கிழிக்கப்படுகிறது.)

வங்கித் தாளின் கதை கொஞ்சம் வேறு. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'செக்' என்றது தாளை அல்ல, அதைக் கிழித்தபின் தங்கும் அடிக்கட்டையை. மோசடி நடந்தால் அதோடு ஒப்பிட்டுப் பிடித்துவிடலாம். பிறகுதான் பெயர் தாளுக்கு நகர்ந்தது. பிரிட்டிஷார் எக்ஸ்செக்கரின் சாயலில் அதன் எழுத்துக்கூட்டலை மாற்றிக்கொண்டார்கள். அமெரிக்கர்கள் பழையபடியே எழுதுகிறார்கள். நம் வங்கித் தாள்களில் இருப்பது பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டல்.