நடந்து போட்ட கோடு

நேயர்களுக்கு வணக்கம். ஒரு துடைப்பத்திலிருந்து தொடங்குகிறேன்.

தென் அமெரிக்காவில் பெரு நாடு. அதன் தெற்கே நாஸ்கா பாலைவனம். மரியா ரைஹே என்ற ஜெர்மன் அம்மையார், கணிதம் படித்தவர், அந்தப் பாலைவனத்தை வருஷக்கணக்காகப் பெருக்கினார். பொட்டல் காட்டை யாராவது பெருக்குவார்களா? சூனியக்காரி என்றுகூட அக்கம்பக்கத்தில் பேசினார்கள். ஆனால் அவர் பெருக்கப் பெருக்க, தரையில் கோடுகள் துலங்கின. சிலந்தி, குரங்கு, ஹம்மிங்பேர்ட் என்னும் ரீங்காரச்சிட்டு. அந்த ரீங்காரச்சிட்டு மட்டும் ஏறக்குறைய 90 மீட்டர்!

அந்தக் குரங்கைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். அதன் ஒரு கையில் ஐந்து விரல், மறு கையில் நாலு. ரைஹேக்கும் ஒன்பது விரல்தான். கள்ளி முள் குத்திப் புண் அழுகி, ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. அந்தக் குரங்கின் கையருகே அவர் குனிந்து நின்று பெருக்கியிருப்பாரே, அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் என்னவோ செய்யும்.

சரி, அந்தக் காலத்து மக்கள் இந்தக் கோடுகளை எப்படிப் போட்டார்கள்? மேலே கிடக்கும் கற்கள் துருவேறின செம்பழுப்பு. அவற்றை ஒதுக்கினால் அடியில் வெளிர் மண். அவ்வளவுதான் கோடு. ஆழம் அரைச் சாண் இருக்கும். நம் ஊரில் ஒரு ஐப்பசி மழைக்குத் தாங்காது. அங்கே மழை என்பதே அரிது. அதனால்தான் ஆயிரத்து ஐந்நூறு, இரண்டாயிரம் வருஷமாக நிற்கிறது.

‘வானத்திலிருந்து பார்த்தால்தானே தெரிகிறது, அப்படியானால் பறக்கத் தெரிந்தவர்கள்தானே போட்டிருக்க வேண்டும்?’ என்று என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. வேற்றுக்கிரகத்தார் கதையெல்லாம் இதிலிருந்து வந்ததுதான். எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு. உழைத்தவன் கையிலிருந்து அவன் வேலையைப் பிடுங்குகிற பேச்சு அது.

பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த காலத்தில், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு இதைச் செய்தே பார்த்தேன். கட்டம் போட்ட தாளில் ஒரு குருவி. ஒரு கட்டத்துக்குத் திடலில் ஒரு மீட்டர். வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும் முன் முளையடித்துக் கயிறு கட்டுவார்களே, அதே முறை. கையில் இருந்தவை முளைக்குச்சி, ஒரு கண்டு சணல், சுண்ணாம்புத்தூள். மதியச் சாப்பாட்டு மணிக்குள் முடிந்துவிட்டது. தரையில் நின்றால் வெறும் வளைவுகள். மாடிக்கு ஓடினவர்கள் அங்கிருந்து ‘சார், குருவி! குருவி!’ என்று கத்தினார்கள். போட்டவர்கள் யாரும் பறக்கவில்லை, நேயர்களே. சில பெரிய உருவங்களின் அருகே சிறிய மாதிரி வரைவுகள் இருந்ததை ரைஹேயும் கவனித்திருக்கிறார்.

இன்னொன்று. ரீங்காரச்சிட்டு போன்ற உருவங்களில் கோடு ஓரிடத்தில் தொடங்கி, தன்னைத் தானே வெட்டாமல், உடம்பு முழுக்கச் சுற்றி வெளியே வந்துவிடும். ஒற்றைக் கோடு. அதில் காலை வைத்தால் நடந்தே மறுமுனைக்கு வரலாம். நடப்பதற்குப் போட்டது என்று நான் நினைப்பது இதனால்தான். 1927-ல் இந்தக் கோடுகளைக் கவனித்த தொரிபியோ மெஹியா ஹெஸ்பே என்ற பெரு நாட்டு ஆய்வாளரும் மலையடிவாரத்தில் நடந்துபோகும்போதுதான் பார்த்தார். மறுபடியும் சொல்கிறேன், நடந்துபோகும்போது. 2024-ல் ஜப்பானின் யமகாத்தா பல்கலைக்கழகத்தார் செயற்கை நுண்ணறிவு உதவியுடன் 303 புதிய உருவங்களை அறிவித்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை சிறியவை, ஒற்றையடிப் பாதைகளின் ஓரமாக, வழிப்போக்கர் கண்ணில் படும்படி இருக்கின்றன.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், நேரம் நெருங்கிவிட்டது. கோடுகள் சூரியனும் நட்சத்திரங்களும் தோன்றி மறையும் இடங்களைக் காட்டுகின்றன என்ற வான சாஸ்திரக் கணக்கைச் சொல்ல நினைத்தேன். 1941-ல் பால் கோசோக் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஒரு கோட்டின் நுனியில் சூரியன் மறைவதைப் பார்த்தார். பிறகு கம்ப்யூட்டரில் சரிபார்த்தபோது பெரும்பாலான கோடுகள் அப்படிப் பொருந்தவில்லை. தண்ணீர் வேண்டிச் செய்த சடங்கு என்பதற்கே இன்று வலு அதிகம். கோடுகளின் மேல் உடைத்த பானை ஓடுகள் கிடைக்கின்றன. பக்கத்திலேயே புக்கியோ என்னும் நிலத்தடி வாய்க்கால்கள் இருக்கின்றன. அவற்றில் சிலவற்றில் இன்றும் தண்ணீர் ஓடுகிறது. நெடுஞ்சாலை போட்டபோது ஒரு பல்லி உருவம் இரண்டு துண்டானதையும் சொல்ல வேண்டும், அதற்கு நேரமில்லை. வணக்கம்.