ஐந்தாவது இன்னிங்ஸில் வந்த ஆண்ட்ரூ மில்லர்

நேயர்களே, வணக்கம். 2016 அக்டோபரில் அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் பேஸ்பால் அணிக்காக ஒரு பிட்சர், அதாவது பந்து வீசுபவர், செய்த வேலையைப் பற்றி இன்று பேசப் போகிறேன். அவர் பெயர் ஆண்ட்ரூ மில்லர். இடது கைக்காரர், ஆறடி ஏழு அங்குல உயரம். ஆட்டத்தைத் தொடங்கி வைப்பது அவர் வேலை இல்லை. பெரும்பாலான நாட்களில் முடித்து வைத்தவரும் அவர் இல்லை. நடுவில் வந்தார், நடுவிலேயே போனார். ஆனாலும் அந்த மாதம், அமெரிக்கப் பேஸ்பாலின் இரண்டு லீக்குகளில் ஒன்றான அமெரிக்கன் லீக்கின் இறுதித் தொடரில் சிறந்த ஆட்டக்காரர் என்று அவரைத்தான் தேர்ந்தெடுத்தார்கள்.

பேஸ்பால் அதிகம் பார்க்காதவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கிரிக்கெட்டில் ஒரு பந்துவீச்சாளரை நிறுத்திவிட்டு, பத்து ஓவர் கழித்து மறுபடியும் கொண்டு வரலாம். பேஸ்பாலில் அது முடியாது. ஆட்டத்தை விட்டு வெளியே போன பிட்சர் அன்றைக்குத் திரும்பி வர முடியாது. அதனால் யாரை எப்போது இறக்குவது என்பது மேனேஜருக்குப் பெரிய தலைவலி. தப்பான நேரத்தில் இறக்கிவிட்டால், தேவைப்படும்போது அந்த ஆள் கையில் இருக்க மாட்டார்.

ஆட்டம் ஒன்பது இன்னிங்ஸ். ஒவ்வொரு இன்னிங்ஸிலும் இரண்டு அணிகளும் தலா மூன்று அவுட் ஆகும் வரை மட்டை பிடிக்கும். பேட்டர் மூன்று பேஸ்களைக் கடந்து தொடங்கிய இடத்துக்குத் திரும்பினால் ஒரு ரன். தொடங்கி வைக்கும் பிட்சர் களைத்த பிறகு வருபவர்களை ரிலீஃப் பிட்சர்கள் என்கிறோம். இவர்களில் மிகச் சிறந்தவரை ஒன்பதாவது இன்னிங்ஸுக்கென்றே பத்திரமாக வைத்திருப்பது நீண்ட காலப் பழக்கம். அவருக்கு க்ளோஸர் என்று பெயர். சிறிய முன்னிலையைக் காப்பாற்றி ஆட்டத்தை முடித்தால் அவர் கணக்கில் ஒரு 'சேவ்' ஏறும். இந்தக் கணக்கை உருவாக்கியவர் ஜெரோம் ஹோல்ட்ஸ்மன் என்ற சிகாகோ பத்திரிகையாளர். 1969 முதல் அது அதிகாரபூர்வமான புள்ளிவிவரம். ரிலீஃப் பிட்சர்களின் உழைப்புக்கு ஒரு மதிப்பு கிடைக்கட்டும் என்ற நல்ல எண்ணத்தில்தான் அதைக் கொண்டு வந்தார். ஆனால் போகப் போகச் சம்பளம், விருது, புகழ் எல்லாம் அந்த எண்ணைச் சுற்றியே வந்தன. 1980களின் கடைசியில் ஓக்லண்ட் மேனேஜர் டோனி லா ரூசா, டெனிஸ் எக்கர்ஸ்லி என்ற பிட்சரை ஒன்பதாவது இன்னிங்ஸுக்கு என்று ஏறக்குறைய ஒதுக்கியே வைத்தார். நன்றாகப் பலித்தது. மற்ற அணிகளும் அதையே பிடித்துக்கொண்டன.

இதில் எனக்கு நெடுநாளாக ஒரு மனக்குறை உண்டு. ஆட்டம் கையை விட்டுப் போகிற நேரம் ஒன்பதாவது இன்னிங்ஸாகத்தான் இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. பல நாட்களில் அது ஐந்திலோ ஆறிலோதான் வருகிறது. தொடங்கிய பிட்சருக்குக் கை தளர்ந்திருக்கும். எதிரணியின் பேட்டர்கள் அவரை ஏற்கெனவே இரண்டு சுற்று பார்த்துவிட்டிருப்பார்கள். மூன்றாவது சுற்றில் அவர்கள் இன்னும் நன்றாக அடிப்பார்கள் என்பதைப் பல வருடக் கணக்குகள் காட்டுகின்றன. அந்த இடத்தில் அணியின் நான்காவது, ஐந்தாவது தரத்து ரிலீஃப் பிட்சரை அனுப்பிவிட்டு, முதல் தரத்து ஆளைப் புல்பென்னில், அதாவது ரிலீஃப் பிட்சர்கள் காத்திருக்கும் இடத்தில், உட்கார வைத்திருப்பார்கள். ஒன்பதாவது வருவதற்குள் ஆட்டம் தோற்றுப் போயிருக்கும்.

சரி, மில்லர் கதைக்கு வருவோம். 2006இல், அணிகள் புதிய ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், டெட்ராய்ட் அணி முதல் சுற்றிலேயே, ஆறாவது ஆளாக, அவரைத் தேர்ந்தெடுத்தது. ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சராகப் பெரிய ஆளாக வருவார் என்று எதிர்பார்த்தார்கள். வரவில்லை. அடுத்து ஃப்ளோரிடாவிலும், அப்புறம் பாஸ்டனிலும் அதே கதைதான். 2011இல் பாஸ்டனில் அவர் ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக ஐந்தரை ரன்னுக்கு மேல் கொடுத்துக்கொண்டிருந்தார். அடுத்த ஆண்டு அவரை முழு நேர ரிலீஃப் பிட்சராக மாற்றினார்கள். ஒரே இன்னிங்ஸுக்கு முழு பலத்தையும் கொடுத்து வீசியபோது அந்த உயரமும் அந்த ஸ்லைடரும் வேறு மாதிரி வேலை செய்தன. வேகமாக வந்து கடைசி நேரத்தில் சரேலென்று விலகி இறங்கும் பந்து அது. வரும் என்று தெரிந்தே மட்டையை வீசினார்கள், ஆனாலும் படவில்லை. 2015இல் நியூயார்க் யாங்கீஸ் அணியின் க்ளோஸராக 36 சேவ் எடுத்து, அமெரிக்கன் லீக்கின் சிறந்த ரிலீஃப் பிட்சர் விருதும் வாங்கினார்.

மறு வருடமே யாங்கீஸ் அரோல்டிஸ் சாப்மனைக் கொண்டு வந்து க்ளோஸராக்கியது. விருது வாங்கியவர் எட்டாவது இன்னிங்ஸுக்கு நகர்ந்தார். ஜூலை கடைசியில் இருவரையும் வேறு வேறு அணிகளுக்குக் கொடுத்துவிட்டார்கள். சாப்மன் சிகாகோ கப்ஸுக்கும் மில்லர் கிளீவ்லேண்டுக்கும் போனார்கள். கிளீவ்லேண்டிலும் கோடி ஆலன் என்ற க்ளோஸர் இருந்தார். மேனேஜர் டெரி ஃப்ராங்கோனாவுக்கு மில்லரைப் பாஸ்டன் காலத்திலிருந்தே தெரியும். ஒன்பதாவது இன்னிங்ஸை ஆலனுக்கு விட்டுவிட்டு, மில்லரைத் தேவைப்படும் எந்த இன்னிங்ஸிலும் இறக்குவது என்று முடிவு செய்தார். மில்லர் முகம் சுளிக்கவில்லை. அந்த வருடம் இரண்டு அணிகளுக்குமாகச் சேர்த்து 123 ஸ்ட்ரைக் அவுட் எடுத்தார், கொடுத்த வாக் ஒன்பதே ஒன்பது. ஸ்ட்ரைக் அவுட் என்றால் பேட்டரைப் பந்தை ஆட்டத்துக்குள் அடிக்க விடாமலே அவுட் ஆக்குவது. வாக் என்றால் எல்லைக்கு வெளியே நான்கு பந்து வீசி அவருக்கு முதல் பேஸை இலவசமாகக் கொடுப்பது. இதை இரண்டு தடவை படித்துப் பார்க்க வேண்டியிருக்கும், அப்படிப்பட்ட எண்கள் இவை.

அக்டோபர் 6. வழக்கமான பருவம் முடிந்து கோப்பைக்காக ஆடும் பிளேஆஃபின் தொடக்கம். பாஸ்டனுடன் முதல் ஆட்டம், ஐந்தாவது இன்னிங்ஸ், இரண்டு அவுட், ஒரே ஒரு ரன் முன்னிலை. ஃப்ராங்கோனா எழுந்து போய்த் தொடக்கப் பிட்சர் ட்ரெவர் பாவரிடமிருந்து பந்தை வாங்கினார். உள்ளே வந்தது மில்லர். இவ்வளவு சீக்கிரமாகவா என்று பார்த்தவர்கள் திகைத்தார்கள். நாற்பது பந்து வீசி இரண்டு இன்னிங்ஸைக் கடத்தினார். கிளீவ்லேண்ட் 5-4 என்று ஜெயித்தது. அந்த ஒரு ரன் வித்தியாசத்தைப் பார்க்கும்போது, அன்று அவரை ஒன்பதாவதுக்காக வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றும்.

இது ஃப்ராங்கோனாவுக்குத் தேவையாகவும் இருந்தது. கார்லோஸ் கராஸ்கோ, டேனி சலசார் என்ற இரண்டு நல்ல தொடக்கப் பிட்சர்கள் காயத்தில் இருந்தார்கள். டொராண்டோவுக்கு எதிரான அடுத்த தொடரில், அதாவது அமெரிக்கன் லீக் இறுதித் தொடரில், பாவர், ட்ரோன் வெட்டிய சுண்டுவிரலோடு ஆட வந்து, முதல் இன்னிங்ஸிலேயே ரத்தம் வழிய வெளியேறினார். மீதி ஆட்டம் முழுவதையும் ரிலீஃப் பிட்சர்களே சுமந்து ஜெயித்தார்கள். அந்தத் தொடரில் மில்லர் எடுத்த 23 அவுட்டில் 14 ஸ்ட்ரைக் அவுட். ரன் இல்லை, வாக் இல்லை, கொடுத்த ஹிட், அதாவது பேட்டர் பந்தை அடித்துப் பேஸை எட்டியது, மூன்றே தடவை. விருது வந்தது இதற்காகத்தான்.

இரண்டு லீக்குகளின் வெற்றியாளர்களும் கோப்பைக்காக மோதும் உலகத் தொடரில் சிகாகோ கப்ஸ் எதிரணி. முதல் ஆட்டத்தின் ஏழாவது இன்னிங்ஸை நான் மறக்கவே மாட்டேன். மில்லர் வந்தபோதே ஒரு பேஸில் ஆள் இருந்தார். வந்ததும் ஒரு வாக், ஒரு ஹிட் கொடுத்தார். மூன்று பேஸிலும் ஆள், ஒரு அவுட் கூட இல்லை, முன்னிலை மூன்று ரன். அங்கிருந்து ஒரு கேட்ச், பிறகு அடுத்தடுத்து இரண்டு ஸ்ட்ரைக் அவுட். ரன்னே போகவில்லை. மூன்றாவது ஆட்டத்தில் மறுபடியும் ஐந்தாவது இன்னிங்ஸில் வந்தார், கிளீவ்லேண்ட் 1-0 என்று வென்றது. நான்காவது ஆட்டத்தில்தான், டெக்ஸ்டர் ஃபவுலர் பந்தை வேலிக்கு வெளியே அடித்த ஹோம் ரன்னில், அந்த அக்டோபரின் முதல் ரன்னைக் கொடுத்தார்.

ஏழாவது ஆட்டத்திலும் ஐந்தாவது இன்னிங்ஸில்தான் வந்தார். ஆனால் கை பழைய கையாக இல்லை. அந்த இன்னிங்ஸில் ஒரு ரன் போனது. அடுத்ததில், 39 வயதில் கடைசி ஆட்டம் ஆடிக்கொண்டிருந்த டேவிட் ராஸ் அவர் பந்தை ஹோம் ரன் அடித்தார். எதிர்ப்பக்கம் சாப்மனும் அதே களைப்பில் இருந்தார். எட்டாவதில் ராஜாய் டேவிஸ் அவரை ஹோம் ரன் அடித்து ஆட்டத்தைச் சமன் செய்தார். கப்ஸ் பத்தாவது இன்னிங்ஸில் 8-7 என்று ஜெயித்தது. அவர்களுக்கு 1908க்குப் பிறகு முதல் கோப்பை. கிளீவ்லேண்ட் 1948இலிருந்து காத்திருந்தது, இன்னும் காத்திருக்கிறது.

இந்தத் தோல்வியைக் காட்டி ஃப்ராங்கோனா செய்தது தவறு என்று சொல்பவர்களை நான் ஏற்பதில்லை. மில்லர் இல்லாமல் அந்த அணி ஏழாவது ஆட்டத்தை எட்டியே இருக்காது. ஆனால் இந்த முறைக்கு ஒரு எல்லை உண்டு என்பது உண்மை. அக்டோபர் ஆட்டங்களுக்கு இடையே ஓய்வு நாட்கள் வரும். 162 ஆட்டம் கொண்ட வழக்கமான பருவத்தில் ஒருவரை இப்படி வீச வைத்தால் தோள் தாங்காது.

அந்த அக்டோபரில் மில்லர் எடுத்தது 30 ஸ்ட்ரைக் அவுட். ஒரே பிளேஆஃபில் எந்த ரிலீஃப் பிட்சரும் அதுவரை அவ்வளவு எடுத்ததில்லை. அதே மாதத்தில் அவர் கணக்கில் ஏறிய சேவ் ஒன்றே ஒன்று. மறு வருடமே ஹூஸ்டன் அணி அக்டோபரில் தன் நல்ல பிட்சர்களை நான்கு இன்னிங்ஸ் வரை நீட்டி வீச வைத்து உலகத் தொடரை வென்றது. இன்றைக்குப் பிளேஆஃப் ஆட்டத்தில் ஐந்தாவது இன்னிங்ஸில் புல்பென் கதவு திறந்து அணியின் மிகச் சிறந்த கை ஓடி வந்தால், பார்ப்பவர்கள் யாரும் ஆச்சரியப்படுவதில்லை. மில்லர் 2022இல் ஓய்வு பெற்றார். மொத்த சேவ் 63.

வாய்ப்பளித்த நிலையத்தாருக்கும், பொறுமையோடு கேட்ட உங்களுக்கும் நன்றி. வணக்கம்.