ஆக்சுவேட்டருக்குப் போகும் குழாய்

நேயர்களுக்கு வணக்கம். மலைப்பாதையில் ஏறும் லாரிக்கு அருகில் நின்றவர்கள், என்ஜினின் உறுமலுக்கு மேலாக மெல்லிய விசில் ஒன்று எழுவதையும், ஓட்டுநர் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் அது அடங்கிப்போவதையும் கேட்டிருப்பீர்கள். அதுதான் டர்போ. வெளியேறும் புகை ஒரு சிறு சக்கரத்தை நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேலாகச் சுழற்ற, அதே தண்டின் மறுமுனையிலுள்ள சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி என்ஜினுக்குள் தள்ளுகிறது. சுவிட்சர்லாந்துக்காரரான ஆல்ஃபிரட் பியூகி 1905-ஆம் ஆண்டிலேயே காப்புரிமை வாங்கிய ஏற்பாடு இது. அப்படித் தள்ளப்படும் காற்றின் மிகை அழுத்தத்தைப் பட்டறையில் பூஸ்ட் என்போம். டயருக்குக் காற்றடிக்கும்போது நீங்கள் சொல்லும் அதே பி.எஸ்.ஐ. கணக்கில்தான் அதையும் அளக்கிறோம்.

நான் ஷார்ஜாவில் பல ஆண்டுகள் கார்ப் பட்டறைகளில் வேலை பார்த்தவன். அங்கே டர்போ கார் வைத்திருக்கும் இளைஞர்கள் கேட்டு வருவதில் முதன்மையானது மின்னணு பூஸ்ட் கன்ட்ரோலர். அதை வாங்கிக்கொண்டு வருபவர் அனைவரும் டேஷ்போர்டில் அமரப்போகும் அந்தப் பளபளப்பான பெட்டியைப் பற்றியே பேசுவார்கள். நானோ ரப்பர்க் குழாயைப் பற்றிப் பேசுவேன். இன்றும் அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை அகற்றிவிட வேண்டும். பூஸ்ட் கன்ட்ரோலர் அழுத்தத்தை உண்டாக்குவதில்லை. டர்போ தன் போக்கில் விட்டால் என்ஜின் தாங்காத அளவுக்கு அழுத்தம் ஏற்றக்கூடியது. அதனால் புகையில் ஒரு பகுதியைச் சக்கரத்தின் மேல் படாமல் திருப்பிவிட வேஸ்ட்கேட் என்னும் சிறு கதவு இருக்கிறது. அந்தக் கதவைத் திறப்பது ஆக்சுவேட்டர்: உள்ளங்கையில் அடங்கும் ஒரு டப்பா, உள்ளே ஒரு ரப்பர்ச் சவ்வு, ஒரு ஸ்பிரிங், வெளியே நீளும் ஒரு கம்பி. டர்போவிலிருந்து ஒரு ரப்பர்க் குழாய் வழியாக அழுத்தம் இந்த டப்பாவுக்கு வருகிறது. ஸ்பிரிங்கை வெல்லும் அளவு வந்ததும் கம்பி நகர்ந்து கதவு திறக்கிறது. வீட்டுக் குக்கரின் வெயிட் நீராவி ஏறியதும் எழும்பிக்கொடுப்பதைப் போன்றதுதான். கன்ட்ரோலர் செய்வதெல்லாம், அந்தக் குழாயின் நடுவே மின்சாரத்தால் திறந்து மூடும் ஒரு சோலனாய்டு வால்வை வைத்து, டப்பாவுக்குப் போக வேண்டிய அழுத்தத்தில் ஒரு பங்கை மறைத்துவிடுவது. விநாடிக்கு இருபது முப்பது தடவை அது திறந்து மூடுகிறது. டப்பா குறைவான அழுத்தத்தையே உணர்வதால் கதவு தாமதமாகத் திறக்கிறது, பூஸ்ட் ஏறுகிறது. மறுபடியும் சொல்கிறேன்: அது அழுத்தத்தைத் தருவதில்லை, மறைக்கிறது. ஆகவேதான் ஸ்பிரிங்கின் அளவுக்குக் கீழே எந்தக் கன்ட்ரோலராலும் பூஸ்டைக் குறைக்க முடியாது.

இதிலிருந்து இன்னொன்றும் விளங்கும். முறையாகப் பொருத்திய வால்வுக்கு மின்சாரம் நின்றுபோனால் அழுத்தம் முழுவதும் டப்பாவுக்குப் போய், பூஸ்ட் ஸ்பிரிங்கின் அளவுக்கு இறங்கிவிடும். வண்டி மந்தமாகும், அவ்வளவுதான். ஆனால் குழாய் கழன்றால் டப்பாவுக்கு எதுவுமே தெரியாது; கதவு திறக்கவே திறக்காது. மின்சாரத்தின் பிழை வண்டியை மெதுவாக்கும், குழாயின் பிழை பிஸ்டனை உடைக்கும்.

ஒரு சுபாரு இம்ப்ரெசா டபிள்யூ.ஆர்.எக்ஸ். கார் எனக்கு இதைக் கற்பித்தது. பானெட்டின் மேல் காற்று வாங்கும் திறப்புள்ள கார் அது. டர்போ என்ஜினின் பின்மூலையில் வலப்பக்கம் இருக்கும். சோலனாய்டை என்ஜினின் மேல் அல்லாமல் பாடியில், வெப்பம் தாக்காத இடத்தில், குழாய் நீளாதபடி பொருத்தினேன். பழைய சோலனாய்டின் குழாய்களை மட்டும் கழற்றி, மின் இணைப்பை விட்டுவைத்தேன். இல்லையேல் செக் என்ஜின் விளக்கு எரியும். பெட்டிக்கான அழுத்தக் குழாயை, என்ஜினுக்குள் காற்றைப் பிரித்து அனுப்பும் இன்டேக் மானிஃபோல்டிலிருந்து எடுத்து, தகட்டின் விளிம்பு அறுக்காதபடி ரப்பர் வளையத்தின் வழியே உள்ளே கொண்டுபோனேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. இரவில் ஓட்டிப் பார்த்தால், 14 பி.எஸ்.ஐ. என்று வைத்த பூஸ்ட் முள், ஒவ்வொரு முறையும் அதைத் தாண்டிப் பாய்ந்துவிட்டுத்தான் திரும்பியது.

பெட்டியில் எண்களை மாற்றினேன். சோலனாய்டைக் கழற்றி வேறொன்று போட்டேன். எர்த் ஒயரைச் சுரண்டிப் புதிதாக முடுக்கினேன். இரண்டு நாள் போயிற்று. வண்டிக்காரர் தேநீர் வாங்கிக் கொடுத்தபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை உள்ளவரை எந்த மெக்கானிக்குக்கும் மூளை வேலை செய்யாது என்பது தனிக் கதை. மூன்றாம் நாள் காலையில் வேறு யோசனையோடு, ஆக்சுவேட்டருக்குப் போகும் பழைய குழாயை விரலால் நீவிக்கொண்டிருந்தபோது, நடுவே கடலைப் பருப்பளவு ஏதோ கெட்டியாக நெருடியது. கத்தியால் கீறினேன். உள்ளிருந்து ஒரு பித்தளைத் துண்டு வந்தது; அதன் நடுவே ஊசி நுழையும் அளவுக்கு ஒரே ஒரு துளை. பழைய சோலனாய்டுக்காகத் தொழிற்சாலையிலேயே வைக்கப்பட்டது அது. அந்த அமைப்பில் அது தேவை. என் புதிய அமைப்பிலோ, அந்தச் சிறு துளை வழியாக அழுத்தம் டப்பாவுக்குச் சென்று சேர்வதற்குள் டர்போ தன் வேலையைக் காட்டிவிட்டது. துண்டில்லாத புதுக் குழாயைப் போட்டதும் முள் 14-இல் போய் நின்றது. அந்தப் பித்தளைத் துண்டை இன்றும் என் கருவிப்பெட்டியில் வைத்திருக்கிறேன். பழைய குழாயை அப்படியே பயன்படுத்துவதற்கு முன் அதன் முழு நீளத்தையும் விரலால் நீவிப் பார்க்க வேண்டும் என்று புதுப் பையன்களிடம் சொல்லும்போது அதை எடுத்துக் காட்டுவேன்.

பூஸ்டை எப்படி ஏற்றுவது என்பதை விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன். கண்ணாடிக்கு அப்பால் கை காட்டுகிறார்கள், இரண்டு நிமிடமே இருக்கிறதாம். சுருக்கமாகச் சொல்கிறேன். மிகக் குறைந்த அளவில் தொடங்கி, ஒவ்வொரு பி.எஸ்.ஐ.யாக ஏற்றுங்கள், பெட்டியின் அபாய எச்சரிக்கை அளவை முதலிலேயே வைத்துவிடுங்கள். காற்று கூடும்போது பெட்ரோலும் கூட வேண்டும். கூடுகிறதா என்பதை, காற்றும் பெட்ரோலும் கலக்கும் விகிதத்தைக் காட்டும் வைட்பேண்ட் மீட்டரில் பார்க்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். உள்ளே பெட்ரோல் தாறுமாறாக வெடித்துக் கிளிக் கிளிக்கென்று நாக்கிங் சத்தம் கேட்டால் உடனே காலை எடுங்கள். 45 டிகிரி வெயிலில் அது குளிர்காலத்தைவிட முன்னதாகவே வந்துவிடும், ஆகவே ஜனவரியில் வைத்த எண்ணை ஜூலையில் நம்பக்கூடாது. முதல் ஓட்டம் முடிந்து என்ஜின் ஆறியதும், பானெட்டைத் திறந்து ஒவ்வொரு குழாயையும் கையால் இழுத்துப் பார்த்து, கிளிப்பை இன்னொரு சுற்று முடுக்குங்கள். வணக்கம்.